வேண்டாம் என்று சொன்னவள்

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற சாலையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த வீடு. சென்னையின் இரைச்சல் பிடிக்காமல், அக்கம்பக்கத்தில் ஆளே இல்லாத வீடாகத் தேடி எடுத்திருந்தான் இனியன். சாமான்களை இறக்கிய கையோடு இணைய இணைப்புக்கு அலைய ஆரம்பித்துவிட்டான். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகம் சம்மதித்திருந்தது. திங்கட்கிழமைக்குள் இணைப்பு வராவிட்டால் வேலை போய்விடும் என்றும் சொல்லியிருந்தது. மலை மறைத்த அந்தப் பள்ளத்தில் செல்போனை வைத்துக்கொண்டு பேச மட்டும்தான் முடிந்தது.

கடைத்தெருவில் மூன்று கம்பெனிகளின் நோட்டீஸ்களையும் வாங்கிப் பார்த்தான். மூன்றும் ஒரே பொய்யை மூன்று நிறத்தில் அச்சடித்திருந்தன. இருப்பதில் பெரிய பொய்யைச் சொன்ன கம்பெனியைத் தேர்ந்தெடுத்தான். அதன் விற்பனையாளன் அஜய்குமார், மறுநாள் காலையே ஆள் வரும் என்று சத்தியம் செய்தான்.

மறுநாள் பொழுது சாயும்வரை இனியன் வீட்டைவிட்டு நகரவில்லை. யாரும் வரவில்லை. போன் போட்டான்.

"ஆளு வந்தாரே சார். வீட்ல இருந்த அம்மா வேணாம்னு சொல்லிட்டாகளாம்" என்றான் அஜய்குமார்.

"எந்த அம்மா? இந்த வீட்டுல நான் மட்டும்தான்யா இருக்கேன்."

"அவரு அப்பிடித்தான் சொன்னாரு சார்."

"வர சோம்பல். அதுக்கு ஒரு பொம்பளைய வேற உண்டாக்கிட்டீங்களா? நல்ல கம்பெனி!"

போனைக் கட்டிலில் விட்டெறிந்தான். இரண்டாவது கம்பெனியைக் கூப்பிட்டான். அவர்களும் வரவில்லை, அதே பதிலைத்தான் சொன்னார்கள். வாசலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாளாம். முகம் கொடுத்துப் பேசவில்லையாம். கையை மட்டும் ஆட்டி, போகச் சொன்னாளாம்.

இனியன் வாய்விட்டுச் சிரித்தான். பொய்யைக்கூடப் புதிதாகச் சொல்லத் துப்பில்லாத பயல்கள். இந்த ஊரும் இதன் ஆட்களும் இவ்வளவுதான் என்று நண்பர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

மிச்சமிருந்தவர் உள்ளூர் கேபிள்காரர் தவசி. "சனிக்கிழம மத்தியானம் நானே வாரேன் சார்" என்றார்.

அன்று மேற்கு மலை முழுவதையும் மேகம் விழுங்கியிருந்தது. மத்தியானமே விளக்கு வைக்கிற நேரம் போல மங்கிக் கிடந்தது. தோட்டத்திலிருந்து அழுகிய திராட்சையின் புளித்த வாடையும், அதற்கு மேலாக மருந்து அடித்த நெடியும் ஜன்னல் வழியே வந்தன. எங்கோ ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. அது நின்ற பிறகுதான் வீட்டின் அமைதி எவ்வளவு கனமானது என்று தெரிந்தது.

இந்த முறை ஏமாறக் கூடாது என்று, வாசல் கதவுக்கு உட்புறமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

போன் அடித்தது.

"சார், வாசல்ல நிக்கேன். நீங்க எங்கன இருக்கீக? வீட்ல யாரும் இல்லங்கிறாகளே அம்மா."

இனியன் எழுந்து நின்றான். கதவுக்கும் அவனுக்கும் இடையே ஒரு கை தூரம்கூட இல்லை.

போனுக்குள் தவசிக்குப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. அலுத்துப்போன, அவசரமில்லாத பெண் குரல்.

"இங்கன யாரும் இல்லப்பா. ஒருத்தன் இருந்தான். போயிட்டான்."

கதவுக்கு அந்தப் பக்கம் காற்றைத் தவிர எந்தச் சத்தமும் இல்லை.

தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தான்.

தோளில் வயர்ச் சுருளோடு கேட்டருகே பைக்கில் உட்கார்ந்திருந்தார் தவசி. அவர் பார்வை இனியன் மேல் இல்லை. வாசல்படியின் ஓரத்தில், வெறும் இடத்தில் நிலைத்திருந்தது.

"சரி ஆத்தா, அப்ப நா கெளம்புறேன்" என்று அந்த இடத்தைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்.

"தவசி அண்ணே! இதோ நிக்கிறேனே!" என்று கத்தினான்.

அவர் திரும்பவில்லை. இனியனின் காதில் இருந்த போனில் மட்டும் அவர் குரல் தணிந்து வந்தது.

"சத்தம் கேக்குது சார். ஆனா கதவு சாத்திக் கெடக்கே."

கதவு அகலத் திறந்திருந்தது. அவன் நிலைப்படியில் நின்றிருந்தான்.

மூச்சுக்காற்று ஒன்று அவன் பிடரியில் பட்டது.

ஈரத் தலையின் வாடை.

"உள்ள வா" என்றது அந்தக் குரல். இப்போது போனில் இல்லை.

இனியன் ஓடினான். செருப்பு போடவில்லை. மழைச் சேற்றில் விழுந்து எழுந்து, நகரத் தொடங்கிய பைக்கின் பின்சீட்டைப் பிடித்துத் தொற்றினான். தோளில் கை விழுந்ததும் தவசி அலறிவிட்டார்.

"எங்கிட்டிருந்து சார் வந்தீக?"

"நிக்காம போங்கண்ணே" என்று அவர் முதுகைத் தள்ளினான்.

அன்று மாலையே, கம்பத்தில் இருந்த வீட்டுக்காரர் முத்துராமலிங்கத்தின் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தான். சண்டை பிடிப்பார் என்று நினைத்தான். நடந்ததை எல்லாம் கேட்ட அந்தப் பெரிய மனிதரின் கண்கள் கலங்கிவிட்டன.

"அக்கா பேசுச்சா தம்பி?" என்று மெல்லக் கேட்டார். "எங்ககிட்டல்லாம் பேசுறத நிறுத்தி வருசக்கணக்காச்சே."

இனியன் திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தான்.

ஆள் அனுப்பிச் சாமான்களை எடுத்துக்கொண்டு, தேனியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், எந்நேரமும் இரைச்சலாக இருக்கிற தெருவில் ஒரு மாடி அறை எடுத்தான். ஞாயிறன்றே அங்கே இணைப்பு கொடுத்துவிட்டார்கள். வேலையும் போகவில்லை. நாலு நாளில் பழைய இனியனாகிவிட்டான். பட்டிக்காட்டு ஆட்கள் கூட்டாகச் சேர்ந்து தன்னை மிரட்டிவிட்டார்கள் என்று அலுவலகத்தாரிடம் சொல்லிச் சிரித்தான். முத்துராமலிங்கத்தின் கண்ணீரைக்கூட நடித்துக் காட்டினான்.

மறுநாள் காலை பால் வாங்கக் கிளம்பினான். இரவு போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அதை எடுக்கக் கை நீட்டியவன் அப்படியே நின்றான்.

கதவுக்கு உட்புறம் தரையில் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டிருந்தது.

ஈரம் இன்னும் காயவில்லை.