மஞ்சள் எருமை

எருமை தன் இரண்டு இரும்புக் கொம்புகளையும் பெட்டியின் அடியிலிருந்து உருவிப் பின்வாங்கியபோது, கொம்பு நுனிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு நூல் இழுபட்டது. பலாப்பால் மாதிரி வெளுத்து, நீண்டு, தொய்ந்து, அறுந்து விழுந்தது. சுவர்ணா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். இரும்பில் எச்சில் வடியுமா?

எருமை என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். அது ஒரு வீடியோ கேமில் வரும் சரக்கு வண்டி. நட்சத்திரங்களுக்கிடையே ஓயாமல் சண்டை நடக்கும் அந்தக் கற்பனை உலகத்தில், சண்டைக்குப் போகாத சாதாரண சனங்கள் கப்பல்களில் பெட்டி ஏற்றவும் இறக்கவும் வைத்திருக்கும் ஆறு சக்கர மஞ்சள் வண்டி. விளையாடுகிறவர்கள் குண்டுக்குப் பயந்து அதன் பின்னால் ஒளிவார்கள். மற்றபடி யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக அதைச் செய்துகொடுக்கும் வேலை, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட மூன்றாம் மாடியிலிருந்த இந்தச் சின்ன அலுவலகத்துக்கு வந்திருந்தது. வண்டியின் உடலைச் செய்தவன் அஹ்னாப். அதில் பிழை பிடிப்பது சுவர்ணாவின் வேலை. சனிக்கிழமை என்பதால் மற்றவர்கள் மத்தியானமே போய்விட்டார்கள். வெளியே மழை பிடித்து, பின்னேரமே இருட்டிவிட்டது.

"தம்பி, இங்க கொஞ்சம் வாங்க. கொம்புல எச்சி மாதிரி ஒண்ணு வடியுது. நீங்க போட்டதா?"

அஹ்னாப் உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான். அவன்மேல் சவர்க்கார வாசனை தூக்கியடித்தது. இந்த வாரம் முழுக்க அவன் அடிக்கடி கை கழுவப் போய்க்கொண்டிருந்ததை அவள் கவனித்திருந்தாள்.

"எச்சிலா? நான் எண்ணெய்கூடப் போடல்லயே அக்கா." அவன் குனிந்து பார்த்தான். கொம்புகள் காய்ந்து சுத்தமாக இருந்தன. "ஒண்டும் இல்லயே."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அவளுக்கு நாலாம் மாதம். காலையில் மஹய்யாவயிலிருந்து வரும்போது பஸ் டீசல் மணத்துக்கே வயிற்றைப் பிரட்டியிருந்தது. வீட்டில் புருஷன் அன்ட்ரூவின் தோய்த்த சட்டைகூட அவளுக்கு நாறியது. கண்ணும் மூக்கும் தன் பேச்சைக் கேட்காத காலம் இது என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அதனால்தான் அந்த நாற்றம் வந்தபோதும் முதலில் தன் வயிற்றையே குறை சொன்னாள். மழையில் நனைந்த கருவாட்டுச் சாக்கும், எத்தனையோ தலைகளின் எண்ணெய் ஊறி உறை மாற்றாத தலையணையும், பல்லிடுக்கில் தங்கிப் புளித்துப்போன இறைச்சியும் ஒன்றாகச் சேர்ந்து, யாரோ வாயைத் திறந்து முகத்துக்கு நேரே மெதுவாக மூச்சுவிடுகிற மாதிரி, சூடாக, விட்டுவிட்டு அது வந்தது. ஜன்னலைத் திறந்தாள். மழைச் சாரல் உள்ளே அடித்தது. நாற்றம் குறையவில்லை. திரையிலிருந்துதான் வந்தது.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு வண்டியின் கதவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மஞ்சள் பெயின்டில் பொட்டுப் பொட்டாகத் துவாரங்கள் இருந்தன. இன்னும் பெரிதாக்கினாள். ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு குட்டி மயிர் முளைத்து, ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. தூக்கும் சங்கிலியின் கிரீஸுக்குள்ளும் மயிர். பாத்ரூம் குழியை அடைக்கும் சுருள் மாதிரி, கொழுப்போடு உருண்டு திரண்டிருந்தது.

"இத எதப் பார்த்துச் செஞ்சீங்க?"

அஹ்னாப் கைகளைத் திரும்பவும் காற்சட்டையில் துடைத்தான்.

"தெல்தெனியவில பழைய இரும்பு போடுற வளவில ஒரு வண்டி கிடந்திச்சி அக்கா. சுத்திவர படம் எடுத்து, அதிலேந்துதான் செஞ்ச. உள்பக்கம் எடுக்க சீட்டில ஏறி உக்காந்தேன்." அவன் தன் கைகளைப் பார்த்தான். "அது சூடா ஈந்திச்சி. மழ நாள், வெயிலே இல்ல. யாரோ இப்பதான் எழும்பிப் போன மாதிரி. ஈரமும். கைய ஊண்டி எழும்பினேன். அந்த நாத்தம் கையிலேந்து போகுதே இல்ல."

"உங்களுக்கும் நாறுதா அப்ப?"

"எனக்கு வயித்தில புள்ளயா ஈக்கி?" சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "கழுவிட்டு வாறேன். நீங்க ஆள ஏத்திப் பாருங்க. அது சரியெண்டா வேல முடிஞ்சி."

ஆள் என்றது வண்டி ஓட்டும் துறைமுகத் தொழிலாளியின் உருவத்தை. அதற்கு முகம் வேண்டுமென்று அஹ்னாப் தன் முகத்தையே படம்பிடித்து ஒட்டியிருந்தான். நீல உடுப்பும் ஹெல்மெட்டுமாக அந்தக் குட்டி அஹ்னாப் திரையில் காத்துக்கொண்டு நின்றான். பின்னால் கழிவறைக் கதவு சாத்தப்பட்டது. பைப் திறந்தது.

சுவர்ணா பொத்தானை அழுத்தினாள். உருவம் வண்டிக்குள் ஏறியது. கதவு மூடியது. வண்டி நகர்ந்து ஒரு பெட்டியைத் தூக்கி, கப்பல் வாசலில் வைத்தது. சங்கிலி ஏறி இறங்கும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி விடுபடுகிற சத்தம். இறங்கும் பொத்தானை அழுத்தினாள். கதவு உடனே திறக்கவில்லை. பிறகு மனமில்லாமல் திறந்தது.

உருவம் நனைந்து இறங்கியது. உடுப்பு உடம்போடு ஒட்டியிருந்தது. ஹெல்மெட் புருவம் வரை இறங்கியிருந்தது. முன்பு இடுப்பளவு இருந்த பெட்டி இப்போது அதன் நெஞ்சுக்கு வந்தது. சூப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி அது வழுவழுவென்று மினுங்கியது.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அளவில் ஏதோ பிழை என்று தனக்குத்தானே சொன்னாள். ஒரு பிழையை எழுதி அனுப்ப முன் அது திரும்பவும் வருகிறதா என்று பார்க்க வேண்டும்; அதுதான் வேலை. திரும்பவும் ஏற்றினாள்.

சங்கிலி. நாக்கு. சங்கிலி.

கழிவறையில் தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, "ம்ம்" என்று ஒரு முனகல் கேட்டது.

"தம்பி? என்னாச்சு?"

"ஒண்டும் இல்ல அக்கா." குரல் மெலிந்திருந்தது. கீச்சென்றிருந்தது.

இந்த முறை உருவம் இறங்கியபோது சக்கரத்தின் உயரம்கூட இல்லை. கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கன்னத்தில் வெள்ளையாக ஏதோ வழிந்தது. அது முகத்தைத் திருப்பி, திரைக்கு வெளியே, அவள் இருக்கும் பக்கம் பார்த்தது. அந்த முகம் அசையும்படி அஹ்னாப் எதுவும் செய்திருக்கவில்லை; ஆனாலும் வாய் திறந்தது.

சுவர்ணா கையை எடுத்துவிட்டாள். எதையும் அழுத்தவில்லை.

உருவம் தானாகத் திரும்பியது. கைகளை ஊன்றி ஏறியது. கதவு மூடியது. உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்தது.

அவள் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

சங்கிலிச் சத்தம் நிற்கவில்லை.

அது அவளுக்குப் பின்னால் கேட்டது.

கழிவறையில்.

"அஹ்னாப்!"

கதிரை சாய்ந்து விழ அவள் எழுந்தாள். வாசலுக்கும் போகலாம், படி இறங்கினால் கீழே ரோடு, ஆட்கள், பஸ். கால் அந்தப் பக்கம்தான் திரும்பியது. ஆனால் உள்ளே இருப்பவன் அக்கா என்று கூப்பிட்டவன். கழிவறைக் கதவின் கீழிருந்து தண்ணீர் வந்தது. செருப்பைத் தாண்டிக் கால் விரலில் பட்டது. வெதுவெதுப்பு. கொழகொழப்பு. காலைத் தூக்கினால் ஒட்டிக்கொண்டு எழும்பியது. நாற்றம் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

பைப் திறந்தபடி ஓடியது. தரையில், சுவரோரமாக, கோடு போட்ட அவனுடைய சட்டை உட்கார்ந்திருந்தது. கைகள் இரண்டும் வெறும் துணியாகப் பரந்து கிடந்தன. கழுத்துப் பட்டன் போட்டபடியே இருந்தது. அந்த வளையத்துக்குள் அஹ்னாபின் முகம் முழுதாக அடங்கியிருந்தது. ஈரம். இமை ஒட்டிய கண்கள். அவன் முதுகு எங்கே முடிந்தது, சுவர் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

சுண்டுவிரல் நகமளவு உதடுகள் அசைந்தன.

"கதவ சாத்துங்க அக்கா," என்றான், மரியாதையாக. "இன்னும் முடியல்ல."

சுவர் ஒரு மிடறு விழுங்கியது.