மூன்றாவது மணி

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வழக்கம்போல டெலிபோன் அடித்தது. ஆனால் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூடுதல். பெரிதாக ஒன்றுமில்லை, மாடிப்படியில் ஏறுகிறவர் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிற நேரம். எழில்மொழி சப்பாத்தி மாவு ஒட்டிய விரல்களோடு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாவது மணி அடித்து ஓய்ந்தது. அப்பா நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மாவைப் பிசையப் போய்விட்டாள்.

அந்த டெலிபோன், சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த அவள் புருஷன் வளவன் பேசுவதற்காக வாங்கியது. கும்பகோணத்தில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, மாடியில் இரண்டு அறை, குழாயைத் திருகினால் தண்ணீர். இத்தனை இருந்தும், கீழ்வேளூர்ப் பக்கம் வாய்க்கால் ஓரத்து மண்சுவர் வீட்டில் தனியாகக் கிடந்த அப்பா ஐயாவுவை அவளால் கிளப்ப முடியவில்லை. முப்பது வருஷம் அடுத்தவர் வயலில் குனிந்து நிமிர்ந்தவர் அவர். அதற்குப் பிறகுதான் மூன்று மா நிலம் அவர் பெயரில் பட்டா ஆனது. அதை விட்டுவிட்டு வா என்றால் அவர் காதில் விழாது. நிஜமாகவே விழாது. அறுபது தாண்டியதும் காது சுத்தமாக மந்தமாகிவிட்டது. போனில் அவர் பேசுவது இவளுக்குக் கேட்கும், இவள் பேசுவது அவருக்குக் கேட்காது. "கேக்கலம்மா, சத்தமா பேசு" என்று அவரும் கத்தி, இவளும் கத்தி, தெருவுக்கே விஷயம் தெரிந்ததுதான் மிச்சம்.

அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினமும் ஆறரைக்கு ஐயாவு கடைத்தெருவில் கலந்தர் பாயின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போவார். பாய்தான் நம்பரைப் போடுவார். இரண்டு மணி அடித்ததும் வைத்துவிட்டு, அவருக்கு இரண்டு விரலைக் காட்டுவார். இரண்டு மணி என்றால் நான் நன்றாக இருக்கிறேன், எடுக்காதே. மூன்று மணி என்றால் டவுனுக்கு வரச் சம்மதம், வந்து கூட்டிக்கொண்டு போ. பேசி முடித்த அன்றைக்கு ஐயாவு சிரித்தார்.

"என் உசுரு இருக்கிற வரைக்கும் மூணாவது மணி அடிக்காது, போ."

"நானும் அந்த ஊருக்குத் திரும்பி வரமாட்டேம்பா."

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எந்தத் தெரு என்று யாரும் கேட்காத ஒரு வாசல் அவளுக்கு வேண்டியிருந்தது. டவுனிலும் அது லேசில் கிடைத்துவிடவில்லை, எட்டாவதாகப் பார்த்த வீடு இது. வீம்பில் அப்பாவும் மகளும் ஒரே அச்சு.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடலோரம் முழுக்கப் புயலும் மழையுமாக அடித்துத் தீர்த்திருந்தது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கீழ்வீட்டுக்காரர் வைத்தியலிங்கம் பேப்பரும் கையுமாக வாசலில் நின்றார்.

"கீழ்வேளூர்ப் பக்கமெல்லாம் வெள்ளமாம்மா. பஸ் ஓடுதாம். ஒரு நடை போய் அப்பாவப் பாத்துட்டு வந்துடுங்களேன்."

"அப்பா நல்லா இருக்காரு சார். நேத்துகூட மணி அடிச்சாரு."

எவ்வளவு சுலபமாகச் சொன்னாள். அந்த வார்த்தையை நினைத்து நினைத்து நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு முதல் மணி அடித்து, அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, தீயை அணைத்து, அவள் கரித்துணி எடுத்துத் துடைக்கிற வரைக்கும் இரண்டாவது மணி அடிக்கவில்லை. அடித்தபோது அதன் சத்தம் ஈரத்துணிக்குள் சுற்றி வைத்ததுபோலக் கம்மியிருந்தது. கூடவே ஒரு வாடை வந்தது. பால் தீய்ந்த வாடை இல்லை. நாள்கணக்காகத் தண்ணீரில் கிடந்த வைக்கோலும் வாய்க்கால் சேறும் கலந்த வாடை, மொசைக் தரை போட்ட மாடி வீட்டில். எங்கிருந்து வருகிறது என்று தேடி இரண்டு முறை தரையைத் துடைத்தாள். போகவில்லை.

புதன்கிழமை ஆறு மணிக்கே டெலிபோனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஆறரைக்கு முதல் மணி. அவள் காத்திருந்தாள். கீழே டவுன் பஸ்ஸின் ஹாரன், பாத்திரக் கடையில் தட்டுகிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது, எல்லாம் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் ஒரே ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டெலிபோனுக்கு உள்ளே. பிறகு இரண்டாவது மணி அடித்தது. அடித்து நின்ற பிறகும் அந்தப் பக்கம் வைத்துவிட்டதாகத் தோன்றவில்லை. யாரோ விடாமல் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று முக்குவதுபோல இருந்தது.

மெல்ல ரிசீவரைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. விரலில் சேறு.

பயந்துதான் போனாள். பயத்தைவிடப் பெரிதாக அப்பாவின் முகம் வந்து நின்றது. போக வேண்டும். ஆனால் பரீட்சை நேரம், லீவு கேட்டால் தலைமையாசிரியை முகம் சுளிப்பார். சனிக்கிழமை போய்விடலாம், மணிதான் அடித்துவிட்டதே என்று மனசை அடக்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆறேகாலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் கலந்தர் பாய். முழங்கால் வரை கைலி நனைந்திருந்தது.

"வாங்க பாய். அப்பா வந்திருக்காரா? உக்காருங்க."

பாய் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"போன்ல சொல்லியிருப்பேன் தங்கச்சி. ஞாயித்துக்கிழம ராத்திரியே கம்பமெல்லாம் சாஞ்சுபோச்சு. நாலு நாளா நம்ம ஊர்ல ஒரு போனும் வேல செய்யல."

அவள் டெலிபோன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணிக்கி ராத்திரிதான் அப்பா வீட்டுச் சுவரும் விழுந்திருக்கு. நாங்க எல்லாரும் ஸ்கூல்ல போய்க் கெடந்தோம். ஐயாவண்ணன் எங்கன்னு கேட்டா, மக வந்து டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிருச்சுன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். இன்னிக்கிக் காலையில தண்ணி வடிஞ்சப்பதான் பக்கத்து வயக்காரன் பக்கிரி பாத்தான்." பாய் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சுவத்துக்கு அடியில. கை மட்டும் வெளிய இருந்துச்சு. நேத்து ராத்திரி வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

"நேத்து..."

"மூணு விரல நீட்டிக்கிட்டு இருந்தாரு தங்கச்சி. யாருக்கும் புரியல. எனக்குப் புரிஞ்சுது."

ஊர், அவர் டவுனில் இருக்கிறார் என்று இருந்துவிட்டது. டவுனில் இவள், அவர் ஊரில் நன்றாக இருக்கிறார் என்று இருந்துவிட்டாள். நடுவில் மூன்று நாள், சேற்றில் ஒரு கை.

மணி ஆறரை.

டெலிபோன் அடித்தது.

பாய் டெலிபோனைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அப்பாவுக்கு நம்பர் போட்டுக் கொடுக்கிற ஒரே கை. அது இங்கே இருந்தது.

தெரு அடங்கியது. வைக்கோல் வாடை. தண்ணீர் சொட்டுகிற சத்தம். பாய் வாய்க்குள் ஏதோ ஓத ஆரம்பித்தார்.

இரண்டாவது மணி.

நின்றது. வைக்கவில்லை. பிடித்திருந்தது.

"எடுக்காத தங்கச்சி."

அவள் எழுந்தாள். வேண்டாம்பா. அடிக்காதீங்கப்பா. நல்லா இருக்கேன்னே சொல்லிடுங்கப்பா.

மூன்றாவது மணி.

எடுத்தாள். "அப்பா! வர்றேம்பா! இப்பவே வர்றேன்!"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. இழுத்து, இழுத்து.

"கேக்கலம்மா," என்றார் ஐயாவு. "சத்தமா பேசு."

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். கீழ்வீட்டிலிருந்து வைத்தியலிங்கம் படியேறி ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டார். ரிசீவரின் துளைகளிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்து, அவள் காதை நனைத்து, முழங்கை வரை இறங்கித் தரையில் சொட்டியது. அவள் நிறுத்தவில்லை. வந்துட்டேம்பா, வந்துட்டேம்பா.

"ஒண்ணும் கேக்கலம்மா. மூணு மணி அடிச்சேனே... உனக்குக் கேட்டுச்சா?"