திருப்பிச் சொல்பவள்

அந்த வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருந்தது. முன்னால் ஹால், அதை ஒட்டிச் சமையலறை, அதற்குப் பிறகு ஜன்னலே இல்லாத ஒரு நடைவழி. நடைவழி வலப்புறம் திரும்பி முடிகிற இடத்தில் ஓர் அறை. சாமான் இறக்க வந்த ஆட்கள் அந்த அறையில் மேசையைப் போட்ட கையோடு வெளியே வந்துவிட்டார்கள். "உள்ள ஈர வாடை தாங்கலக்கா" என்றார் ஒருவர். சுருட்டைக்கு அந்த அறைதான் பிடித்திருந்தது. தெருச்சத்தம் வராது. பின்சுவர் வெறும் வெள்ளை. அவளுடைய வேலைக்கு அது போதும்.

அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் டாக்டரிடமோ பள்ளிக்கூடத்திலோ பேச வேண்டியிருந்தால் வீடியோ காலில் இவளையும் சேர்த்துக்கொள்வார்கள். எதிராளி வாயால் சொல்வதை இவள் கையால் சொல்வாள்; அவர்கள் கையால் சொல்வதை வாயால் சொல்வாள். அம்மா, அப்பா இருவருக்கும் காது கேட்காது என்பதால் நாக்கு திரும்புவதற்கு முன்பே அவளுக்குக் கை திரும்பிவிட்டது. காது கேளாதவர்கள் ஆளைப் பார்த்து ஓர் அடையாளத்தைப் பெயராக வைப்பார்கள். நெற்றியோரம் ஒரு விரலைச் சுழற்றினால் அது இவள். சுருட்டை.

முதல் நாளே தொல்லை ஆரம்பித்தது. வைஃபை ரவுட்டர் வாசல் பக்கம் இருந்தது. பின்னறைக்கு வருவதற்குள் சிக்னல் செத்துவிடும். மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரலாவது வரும். இவர்களுக்குக் கை பாதியில் உறைந்து நின்றால் பேச்சே பாதியில் நின்றது மாதிரிதான். அலுவலக மேற்பார்வையாளர் நாசூக்காக ஒருமுறை, நாசூக்கில்லாமல் ஒருமுறை சொல்லிவிட்டார்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வரும்போது, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற ஒரு ரிப்பீட்டர் வாங்கிவந்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, முதுகில் பிளக்.

"இதை என் ரூம்லயே மாட்டிடுங்களேன்" என்றாள்.

"அங்க மாட்டி என்ன பிரயோஜனம்? அங்கதான் சிக்னலே இல்லையே. பாதி வழியில வைக்கணும். அதுக்கே காது கேக்கலன்னா அது என்னத்த திருப்பிச் சொல்லும்?"

போனைக் கையில் பிடித்துக்கொண்டு, சிக்னல் கோடுகளைப் பார்த்தபடியே நடைவழியில் மெல்ல நடந்தான். திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றான். அந்த இடத்தில் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. அதன் மேல் அடுக்கடுக்காகப் பெயின்ட் பூசி, துளைகள்கூடத் தெரியாமல் மூடியிருந்தது.

"இதை எதுக்குங்க பூசி வச்சிருக்காங்க?"

"யாருக்கும் தேவைப்பட்டிருக்காது." ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். உள்ளிருந்து நனைந்த சுண்ணாம்பு வாடை வந்தது. பிளக்கைச் செருகி, ரிப்பீட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு, ஹாலுக்கு ஓடி ரவுட்டரின் பொத்தானையும் அழுத்தினான். சிவப்பாகக் கண்சிமிட்டிய விளக்கு பச்சையாக நிலைத்தது. அந்த நடைவழியில் அது ஒன்றுதான் வெளிச்சம்.

"ராணி, இனி உங்க ராஜ்யம் கடைசி சுவர் வரைக்கும்" என்று குனிந்து கும்பிட்டான்.

மறுநாள் படம் கண்ணாடி மாதிரி ஓடியது. காது கேளாத தையற்காரர் ஒருவர், பேரனின் ஆசிரியையோடு பேச வந்தார். பேச்சு நல்லபடியாக முடிந்து ஆசிரியை போனதும் தையற்காரர் சைகையில் சொன்னார்: "உன்கிட்ட வேலை கத்துக்கற பொண்ணுக்குக் கை நல்லா வருது. கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான்."

"எந்தப் பொண்ணு?"

"பின்னாடி நிக்குதே. நீ சொல்றதையெல்லாம் திருப்பிச் சொல்லுதே."

சுருட்டை திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சுவர். பக்கவாட்டில் திறந்திருந்த கதவு. அதற்கு அப்பால் நடைவழியின் இருட்டு.

சாயங்காலம் கணவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "உன் படமே ரெண்டாத் தெரிஞ்சிருக்கும். அவர் கண்ணாடியை மாத்தச் சொல்லு." அவளும் சிரித்தாள். தையற்காரர் ஊசியில் நூல் கோக்கக்கூடக் கண்ணாடி போடுவதில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

அந்த வாரத்திலேயே கன்னக்குழி வந்தாள். கன்னத்தில் விரலைக் குத்திக் காட்டினால் அது அவள் பெயர். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். முதல் பிள்ளை. தச்சுவேலைக்குப் போகிற அவள் கணவனுக்கும் காது கேட்காது. ஒவ்வொரு முறை டாக்டரிடம் பேசும்போதும் சுருட்டைதான் நடுவில். குழந்தை முதன்முதலாக உதைத்ததைத் தாயிடம் சொல்வதற்கு முன்பே இவளிடம் சொன்னவள் அவள்.

டாக்டரம்மா பேசினார். "பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு. இந்த மாத்திரையை விடாம போடணும். தலைவலி வந்தா, கண்ணு முன்னாடி பூச்சி பறந்தா உடனே சொல்லணும்."

சுருட்டை சொன்னாள். கன்னக்குழி புருவத்தைச் சுருக்கினாள். அவள் பார்வை சுருட்டையின் முகத்தில் இல்லை. அதற்குச் சற்று மேலே, தோளுக்குப் பின்னால் இருந்தது.

"ரெண்டு பேர்ல நான் யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

சுருட்டை திரும்பவில்லை. "என்னைப் பாரு" என்றாள். "இங்க நான் மட்டும்தான் இருக்கேன்."

கன்னக்குழி தயங்கித் தலையாட்டினாள். "பேச ஆரம்பிச்சப்ப அவ கொஞ்சம் பின்தங்கி வந்தா. இப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்றீங்க."

அழைப்பு முடிந்ததும் சுருட்டை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நடுமத்தியானம். வெளியே வெயில் கொளுத்தியது, ஆனால் நடைவழிக்குள் அதன் சுவடே இல்லை.

அப்போதுதான் அந்த ஓசை கேட்டது.

மற்றவர்களாக இருந்தால் அதை ஓசை என்றே சொல்லியிருக்க மாட்டார்கள். சுருட்டை அதைக் கேட்டே வளர்ந்தவள். அடுத்த அறையில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வார்கள். உள்ளங்கை மேல் உள்ளங்கை விழும், சட்டைத்துணி உரசும், விரல்நுனி நெஞ்சைத் தட்டும். கைகள் பேசுகிற சத்தம்.

நடைவழியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

திருப்பம் வரை போய் எட்டிப் பார்த்தாள். பச்சை விளக்கு. அதைச் சுற்றி இருட்டு. விளக்கு ஒரு கணம் மறைந்தது, மறுபடி தெரிந்தது. அதற்கு முன்னால் ஏதோ கடந்து போனது மாதிரி.

அன்று சாயங்காலம் அவள் சொன்னதைக் கேட்டுக் கணவன் சிரிக்கவில்லை. நடைவழிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். "சரி விடு. நாளைக்கு அரைநாள் லீவு போட்டு ஹால்லேருந்து ஒயரே இழுத்துடறேன். இந்தப் பெட்டியைக் கழட்டிடலாம். அதுவரைக்கும் நீ ஹால்லயே உக்காந்து வேலை பாரு."

மறுநாள் காலை மடிக்கணினியை ஹாலுக்கு எடுத்து வருவதற்காகத்தான் அவள் பின்னறைக்குப் போனாள். அதை மூடப் போகும் நேரத்தில் அழைப்பு வந்தது. திரையில் கன்னக்குழி, பக்கத்துக் கட்டத்தில் டாக்டரம்மா. கன்னக்குழியின் முகம் வீங்கியிருந்தது. ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"தலை வெடிக்குது. கண்ணு முன்னாடி பொட்டுப் பொட்டா பறக்குது" என்றாள் கன்னக்குழி. சுருட்டை அதை வாயால் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"உடனே கிளம்பி வரச் சொல்லும்மா. இந்த நிமிஷமே. படுக்கக் கூடாது, தனியா இருக்கக் கூடாது."

சுருட்டை சொன்னாள். தெளிவாக, பெரிதாக, முகத்தில் அவசரத்தைக் காட்டிச் சொன்னாள்.

கன்னக்குழியின் முகம் தளர்ந்தது. கன்னத்தில் குழி விழுந்தது.

"அப்பாடா. நான் பயந்தே போயிட்டேன். சரி, படுத்துத் தூங்கறேன்."

"இல்ல! தூங்காத! ஆஸ்பத்திரிக்கு வா! இப்பவே வா!"

"சரி சரி" என்று சிரித்தாள் கன்னக்குழி. "கதவையும் தாழ் போட்டுக்கறேன்."

சுருட்டை தன் கைகளைப் பார்த்தாள். அவை சரியாகத்தான் சொல்லியிருந்தன. பதறிப்போய் 'உடனே வா' என்று திரையின் ஓரத்தில் எழுத்தாகத் தட்டி அனுப்பினாள். கன்னக்குழியின் கண் எழுத்துப் பக்கம் திரும்பவே இல்லை.

சுருட்டைக்கு ஒன்று தோன்றியது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்தாள்.

திரையில் கன்னக்குழி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர்!" சுருட்டையின் குரல் உடைந்தது. "நான் சொல்றது அவளுக்குப் போகல. வேற யாரோ சொல்றாங்க. ஆம்புலன்ஸ் அனுப்புங்க, அவ வீட்டுக்கு!"

டாக்டரம்மா குழம்பிப்போய்ப் பார்த்தார். "என்னம்மா சொல்ற? நீதானே சைகை பண்ணிட்டிருக்க? எனக்கும் தெரியுதே."

சுருட்டை எழுந்து நடைவழிக்கு ஓடினாள்.

பச்சை விளக்கு தெரிந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை தொண்டையை அடைத்தது. பிளக்கைப் பிடுங்க இரண்டு கைகளையும் நீட்டினாள்.

வேறு இரண்டு கைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டன.

குளிர்ந்த, மெலிந்த, நனைந்த கைகள். அவை இறுக்கவில்லை, இழுக்கவில்லை. அவள் உள்ளங்கைகளுக்குள் நுழைந்து பேசின. விளக்கணைந்த அறையில் அம்மா இப்படித்தான் இவள் கைக்குள் கை வைத்துப் பேசுவாள். அந்தப் பழக்கத்தால், வேண்டாம் என்று நினைத்தும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவள் என்னைத்தான் பார்க்கிறாள். நீ போ."

சுருட்டை அலறினாள். கைகளை உதறி, ரிப்பீட்டரைச் சுவரிலிருந்து பிய்த்து எறிந்தாள். விளக்கு அணைந்தது. முழு இருட்டில், தோள் சுவரில் இடிக்க இடிக்க ஹாலுக்கு ஓடி வந்து, போனில் டாக்டரைக் கூப்பிட்டாள். என்ன சொன்னாளோ அவளுக்கே நினைவில்லை. டாக்டரம்மா மறுகேள்வி கேட்கவில்லை. "வண்டி கிளம்பிடுச்சு, நீயும் போ" என்றார்.

கன்னக்குழியின் வீட்டு அழைப்பு மணி ஒலிக்காது. அழுத்தினால் உள்ளே விளக்குகள் மின்னும். சுருட்டை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. யாரும் வரவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்களும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கதவை உடைத்தார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்த அவளுக்கு வலிப்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. எலிக்குஞ்சு அளவுக்கு ஒரு பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் கை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

அலுவலகத்தில் சுருட்டையைக் கூப்பிட்டு அந்த அழைப்பின் பதிவை ஓடவிட்டார்கள். திரையில் அவள் முகம், அவள் சுருட்டை முடி, அவள் கைகள். "ஒன்றுமில்லை. தூங்கு. கதவை மூடு. யாரும் வர மாட்டார்கள்." அவள் எழுந்து ஓடிய பிறகும் அந்தப் படம் நாற்காலியிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் பதிவை நிறுத்தினார். "எனக்கு இதுல தெரியறது நீதான்மா" என்றார். அவளுக்கு அந்த வேலை போயிற்று.

கன்னக்குழி மட்டும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி சொன்னாள்: "அது நீ இல்லன்னு எனக்கு இப்பத் தெரியுது. நீ பேசினா முகமும் பேசும். அதுக்குக் கை மட்டும்தான் பேசுச்சு. வலியில நான் அதைக் கவனிக்கல." இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வாரம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்தார்கள். ரிப்பீட்டரைக் கணவன் சுத்தியலால் அடித்து நொறுக்கிக் குப்பை வண்டியில் போட்டான். புது வீடு சின்னது. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, மூன்று ஜன்னல். ரவுட்டரை எங்கே வைத்தாலும் எல்லா இடத்துக்கும் சிக்னல் வந்தது. சுருட்டை மெல்ல மெல்லத் தூங்கத் தொடங்கினாள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் நேரில் போய்ச் செய்கிற ஒரு வேலையும் கிடைத்தது.

ஒரு சாயங்காலம் இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை. கணவன் நாளிதழை விரித்துவைத்துப் படித்தபடியே பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சைகை மொழி சுத்தமாக வராது. எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். 'சாப்பிட்டியா', 'தூக்கம் வருது' என்ற இரண்டைத் தாண்டவில்லை. விரல்கள் ஸ்பேனர் பிடித்துப் பிடித்து மரத்துவிட்டன என்று அவனே கேலி செய்துகொள்வான்.

"நாளைக்கு சீக்கிரம் கிளம்பணும். அந்த ஆறு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுதாம்" என்றான், நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்" என்றாள் அவள்.

"அவங்க கதவை இழுத்து சாத்தறாங்க, சென்சாரே கெட்டுப்போச்சு. சொன்னா யாரு கேக்கறாங்க..."

அவன் பேசிக்கொண்டே போனான். சுருட்டையின் பார்வை நாளிதழுக்கு மேல் நின்றது.

அவனுடைய இரண்டு கைகளும் தாளை விட்டு எழும்பியிருந்தன.

அவை பிசிறில்லாமல், அழகாக, அவளைப் பார்த்துப் பேசின.

"இந்த வீடு நல்ல வீடு. இங்கே எல்லா இடத்துக்கும் எட்டுகிறேன்."