இரண்டு விரல்

அண்ணன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் தங்கையின் பட்டப்பெயர் அவன் வாயில் வரவில்லை. முன்பெல்லாம் "சுண்டெலி, சுண்டெலி" என்று நாளுக்கு நூறு தடவை கூப்பிட்டு அவளை அழவைத்தவன் அவன். இப்போது "நீ..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிடுகிறான்.

அந்தக் காலையை அவளால் மறக்க முடியவில்லை. இருவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்குக் கிளம்பினார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஹெல்மெட். அண்ணன் அதை அவளுக்கு மாட்டிவிட்டு, தாடைக்கடியில் வாருக்குள் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தான்.

"ரெண்டு விரல் போனா சரி. மூணு போனா ஹெல்மெட் மட்டும் தனியா பள்ளிக்கூடம் போயிடும்!"

திருப்பத்தில் கொட்டிக்கிடந்த மணலில் சக்கரம் சறுக்கியது. ஹெல்மெட்டில் விரிசல் விழுந்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அண்ணனுக்குத் தலையில் பலத்த அடி.

"நல்லவேளை, நீ ஹெல்மெட் போட்டிருந்தே!" பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இதையே சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாள். சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா, இரண்டு புது ஹெல்மெட் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"கால் தடுமாறுது. ஹெல்மெட் போட்டுக்கிட்டு தினமும் தெருவுல நடக்கணும்" என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். முதல் நாள் அவன் ஹெல்மெட்டோடு வாசலைத் தாண்டியதுமே எதிர்வீட்டுப் பையன்கள், "சைக்கிளைத் தொலைச்சிட்டியா?" என்று சிரித்தார்கள். அன்றோடு சரி. பிறகு அவன் வெளியே வரவேயில்லை.

"இப்படியே படுத்திருந்தா காலும் போயிடுமே" என்று அம்மா சமையலறையில் அழுதாள். அது சுண்டெலியின் காதில் விழுந்தது. அவள் நேரே அப்பாவின் கடைக்கு ஓடினாள்.

"அப்பா, அன்னைக்கு அண்ணன் ஹெல்மெட்டை நான் எடுத்துக்கிட்டேன்..."

அப்பா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நீ எடுக்கலைம்மா, அவன் குடுத்தான். கடை நிறைய ஹெல்மெட் தொங்குது. வீட்டுக்கு இன்னொண்ணு கொண்டுவரணும்னு எனக்குத்தான் தோணலை." அவர் அவளை அணைத்துக்கொண்டார்.

மாலையில் அண்ணன் முன்னால் ஒரு ஹெல்மெட் நின்றது. உள்ளே அவள்.

"எழுந்திரிண்ணா. எனக்குத் தனியா நடக்கப் பயமா இருக்கு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெல்ல எழுந்து தன் ஹெல்மெட்டை எடுத்தான்.

"ரெண்டு ஹெல்மெட், சைக்கிளே இல்ல!" என்று கத்தினார்கள் பையன்கள்.

"சைக்கிள் பின்னால வருது. எங்க வேகத்துக்கு அதால வர முடியலை!" என்றாள் அவள். பையன்களே சிரித்துவிட்டார்கள். அண்ணனின் உதடும் லேசாக வளைந்தது.

அந்தத் திருப்பம் வந்தது. மணலை எப்போதோ அள்ளிவிட்டிருந்தார்கள். ஆனாலும் அவள் கால் நகரவில்லை. கண்ணீர் தாடைவரை வழிந்தது.

அண்ணனும் நின்றான். அவன் கை அவள் தாடைக்கடியில் வந்தது. வாருக்குள் ஒரு விரல் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும் போகவே, அவன் முகத்தைச் சுளித்து, வாரை மெதுவாக இழுத்து இறுக்கினான்.

"சு..." என்றான். "சு... சு..."

அதற்குமேல் வரவில்லை. அவன் கண் கலங்கியது.

அவள் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவசரமில்லைண்ணா. நாளைக்கும் நடக்கத்தானே போறோம்."