மூடிய சூளைக்கு ஒரு பாலம்

இன்னும் இயக்கப்படாத கணினி, பூர்ணிமா கூப்பிட்டதும் பதில் சொன்னது.

அதற்கு ஒதுக்கிய நெட்வொர்க் முகவரியில் வேறு கருவி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான், 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் கொடுத்திருந்தாள். திரையில் பதில்கள் வரிசையாக இறங்கின. அந்த முகவரியைப் பிரிண்டர் எடுத்துக்கொண்டிருக்கும் என்று பிரிண்டரை அணைத்தாள். பதில் நிற்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய மதியம். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அவர்களுடைய பீங்கான் பட்டறையில் ஆளில்லை. ஈரக் களிமண் வாசமும், தகரக் கூரை மேல் ஓயாத மழையும், ஜன்னலுக்கு வெளியே பதினோரு வருஷமாகச் செங்கல் வைத்து மூடிக் கிடக்கும் பழைய சூளையும்தான்.

சூளையாள் கலியமூர்த்தி காணாமல் போனதும் அந்த வருஷம்தான். அவன் காணாமல் போன அன்று சூளையே மூட்டவில்லை என்று அப்பா ஆதிநாராயணன் கோர்ட்டில் சத்தியம் செய்தார். திட்டக்குடி வரைக்கும் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கலியமூர்த்தியின் மனைவி பாஞ்சாலை மட்டும் விடவில்லை. கோர்ட் இப்போது அன்றைய வெப்பப் பதிவைக் கேட்டிருந்தது. அதைக் காட்டி அப்பாவின் பேரைக் காப்பாற்றத்தான் பூர்ணிமா உட்கார்ந்திருந்தாள்.

பதிவு இருந்த பழைய கணினி செத்துவிட்டது. அதன் வன்வட்டை நகலெடுத்து, தன் லினக்ஸ் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக அமைத்திருந்தாள். ஆனால் அந்தப் பழைய மென்பொருள், சூளைச் சுவரிலுள்ள வெப்பமானிப் பெட்டியை நெட்வொர்க்கில் கண்டால்தான் திறக்கும். வழக்கமான அமைப்பில், உள்ளே குடியிருக்கும் மெய்நிகர் கணினி, வீட்டுக்காரரான வெளிக்கணினியின் வாயால்தான் வெளியே பேசும். பிரிட்ஜ் என்கிற பாலம் போட்டால் அதற்கென்று தனி முகவரி, தெருவைப் பார்த்த தனி வாசல். காலையிலேயே பெட்டிக்குப் புதுக் கேபிள் இழுத்து, நெட்வொர்க் கார்டைப் பாலத்தில் இணைத்திருந்தாள்.

மெய்நிகர் கணினியை இயக்கினாள். மென்பொருள் திறந்தது.

சூளையின் இப்போதைய வெப்பம்: 37.

மழையில் நனையும் செங்கல்லுக்கு உடம்புச் சூடு.

கலியமூர்த்தி காணாமல் போன தேதியைத் தேடினாள். காலையில் முப்பது. மாலையில் அறுநூறு. விடிவதற்குள் ஆயிரத்து இருநூறு.

வாசலில் செருப்புச் சத்தம். அப்பா.

"என்னம்மா, கெடச்சுதா?"

"அன்னிக்கு சூளை எரிஞ்சிருக்குதுப்பா. உள்ள..."

"இது வூட்டு மானம்மா." குரல் ஏறவில்லை. "அத அழிச்சிடு. கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சுன்னு வக்கீலுகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"பாஞ்சாலைக்கு என்னப்பா பதிலு?"

"பதினோரு வருசமா சொல்லாத பதில இப்ப நீ சொல்லப்போறியா?"

குடையை விரித்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் கை அப்பாவின் மகளாகவே நடந்துகொண்டது. வட்டு நகலை அழித்தாள். மெய்நிகர் கணினி போயிற்று.

பிங்குக்குப் பதில் வந்தது.

பாலத்தைக் கழற்றினாள். பதில். கேபிளைப் பிடுங்கினாள். பதில்.

மழை நின்றது. அப்போதுதான் கேட்டது. சூளைப் பக்கமிருந்து தட்டல். வினாடிக்கு ஒன்று. ஒவ்வொரு தட்டலுக்கும் திரையில் ஒரு வரி.

ஜன்னலுக்குப் போனாள்.

அப்பா சூளை வாயில் குந்தியிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பக்கத்தில் குழைத்த களிமண். செங்கல் இடுக்குகளிலிருந்து கரிந்த விரல்கள் வெளியே நீண்டுகொண்டிருந்தன. அப்பா அவசரப்படவில்லை. பழகிய கையால் ஒவ்வொரு விரலையும் உள்ளே தள்ளி, மேலே மண்ணை அப்பி, கட்டைவிரலால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தார்.