தலைமாட்டில் வைத்த இரும்பு

குழந்தைக்குப் பசிக்கவில்லை. காமுவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கல்கத்தாவுக்குத் தெற்கே, பெஹாலாவில் அந்த வீட்டைச் சுற்றிலும் குளங்கள். சித்திரை மாதத்து மத்தியானங்களில் பாசித் தண்ணீரின் வாடை ஜன்னல் வழியே நுழைந்து, பிள்ளை பெற்ற அறையில் தேங்கியிருந்த சாம்பிராணிப் புகையோடும் வசம்பு வாசனையோடும் கலந்து, கண்ணைச் சொருக வைக்கும். கார்டன் ரீச் துறைமுகப் பக்கமிருந்து எப்போதாவது ஒரு ஸ்டீமர் நீளமாக ஊதும். அதற்கெல்லாம் பிள்ளை அசைந்துகொடுக்காது. தூளியிலிருந்து எடுத்து மார்பில் வைத்தால், உதட்டைப் பிரிக்காமலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் வயிறு கிண்ணென்று இருக்கும். ஏதோ கடனே என்று காலையில் நாலு வாய், சாயங்காலம் நாலு வாய். காமுவுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, உடம்பு அனலாய்க் கொதித்தது. பீய்ச்சிக் கொட்டும்போதெல்லாம் அழுகை அழுகையாக வந்தது.

"சமத்துக் குழந்தைடி. படுத்தறதாப் பொறந்திருந்தா அப்பத் தெரியும் ஒனக்கு" என்றாள் ஜகதாம்பாள். காமுவின் புருஷன் ராஜாராமனுக்கு அக்கா. தாலி போன கையோடு தம்பியிடம் கல்கத்தாவுக்கு வந்தவள், அன்றிலிருந்து அந்த வீட்டையே இழுத்துக்கட்டி நடத்துகிறாள்.

காமு பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். முன்னே இரண்டு பெற்று, இரண்டையும் இதே ஊரில் பறிகொடுத்தவள். ஒன்று பேர் வைக்கும் முன்பே போயிற்று. இன்னொன்று குப்புற விழப் பழகிய வாரத்தில் போயிற்று. இதுவும் போனால் தான் இருந்து என்ன பிரயோஜனம் என்று அவள் பல தடவை நினைத்துவிட்டாள்.

ஜகதாம்பாளுக்கும் அந்தப் பயம் உள்ளூர உண்டு. அதனால்தான், பிள்ளை பிறந்த அன்றே, தலைமாட்டில் இரும்பு வைத்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க எல்லோர் வீட்டிலும் செய்வதுதான். வீட்டில் இருந்த ஒரே அரிவாள்மணை சமையலுக்கு வேண்டும். ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"ராஜாராமா, ஒன் கத்தி இருக்கே, அந்தத் தோல் சனியன், அதைக் குடுடா. இரும்புன்னா இரும்புதானே."

அப்படி வந்து சேர்ந்தது அது. முதலில் பாய்த் தலைமாட்டில். பிறகு உத்தரத்தில் தூளி கட்டியதும் தூளிக்குப் பக்கத்தில் சுவரோரமாக, ஒரு மணைப்பலகை மேல்.

ராஜாராமன் ரயில் ஆபீஸில் குமாஸ்தா. பரம சாது. எலி செத்துக் கிடந்தால்கூட எடுத்துப் போட அக்காவைக் கூப்பிடுகிற மனுஷன். அவனுக்குப் போய் இந்தக் கத்திப் பித்து எங்கிருந்துதான் பிடித்ததோ! ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடுகெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்துவிடுவான். மலை நாட்டுக் கொல்லன் கையால் அடித்தது. ரயில் பெட்டியின் பழைய வில் பட்டையைக் காய்ச்சி, நாள் முழுக்க அடித்து இழைத்தது. பிடியிலிருந்து ஒல்லியாகப் புறப்பட்டு, நடுவில் முழங்கை மாதிரி மடங்கி, வயிறு பருத்து, நுனியில் கூம்பும். கூர் வெளிப்பக்கம் இல்லை, உள்வளைவில். பிடி எருமைக் கொம்பு, அரக்கை உருக்கி ஊற்றி இறுக்கியது. உறை அந்த ஒரு கத்திக்கென்றே குடைந்த மரம், அதன் மேல் தோல். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி நழுவாது.

"இதுக்கெல்லாம் உசிர் எது தெரியுமோ, காமு?" என்று ஒரு நாள் அவளிடம் மெனக்கெட்டு விளக்கியிருக்கிறான். "கடைசியில தண்ணி காட்டறதுதான். கத்தி செக்கச்செவேல்னு காஞ்சிருக்கும். கெட்டில் மூக்கால நூல் மாதிரி தண்ணி விடணும், அதுவும் கூர் மேல மட்டும். முதுகு மெத்துனு இருக்கணும், வாய் இறுகணும். ஒரு சொட்டு தப்பிப் பட்டா அத்தனையும் பாழ்."

அப்போது அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டாள்.

அன்று வியாழக்கிழமை. பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, கொல்லைக் கிணற்றடியில் குளித்து, ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு உள்ளே வந்தாள் காமு. கூடத்தில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஜகதாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி, இப்பத்தானே பால் குடுத்துண்டிருந்தே? அதுக்குள்ளயா குளிச்சுட்டு வந்துட்டே?"

"நானா? நான் போயி நாழியாச்சே, அக்கா."

"சப்பற சத்தம் கேட்டுதே! நன்னாக் கேட்டுது. நீதான் குடுக்கறேன்னு நான் உள்ளேயே எட்டிப் பாக்கலை."

காமு ஈரக் காலோடு அறைக்குள் ஓடினாள். தூளி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடந்தது. கடைவாயில் வெள்ளையாக ஒரு கோடு. விரலால் தொட்டு முகர்ந்தாள். பால்தான். ஆனால் அவள் பால் இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? மழையில் நனைந்த கிணற்று இரும்பு ராட்டினத்தில் கை வைத்தால் கையில் ஒட்டுமே ஒரு வாடை, அந்த வாடை. கீழுதட்டில் தலைமயிர் கனத்துக்கு ஒரு சிவப்புக் கீறல் இருந்தது.

குனிந்து பார்த்தாள். கத்தி மணைமேல் உறைக்குள்தான் இருந்தது. காலையில் பார்த்தபோது பிடி சுவர்ப் பக்கம் இருந்தது. இப்போது தூளிப் பக்கம் திரும்பியிருந்தது. நகர்த்தி வைக்கலாம் என்று தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். கொம்புப் பிடி வெதுவெதுவென்று இருந்தது. யாரோ இத்தனை நேரம் மடியில் வைத்திருந்து அப்போதுதான் இறக்கி வைத்த மாதிரி.

அவள் புடவைத் தலைப்பில் அந்தக் கையை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ராஜாராமன் வந்து கால் அலம்புமுன்பே பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, அந்தக் கத்தி ஏது ஒங்களுக்கு?"

"ஆபீஸ் வாசல்ல நிக்கறானே தர்வான், அந்த நேபாளத்துக்காரன் குடுத்தான். அவன் தம்பி கொல்லன். தம்பி பண்ணின கத்தி."

"இத்தனை ஒஸ்தியான கத்தியை எதுக்கு ஒங்களுக்குச் சும்மா குடுக்கணும்?"

ராஜாராமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தான். "என்னமோ கேட்டான். ஆத்துல கைக்குழந்தை இருக்கானு. இல்லைன்னேன். அப்பதான் ரெண்டாவது போன சமயம். அப்ப நீங்களே வெச்சுக்குங்கோ பாபுன்னு கையில திணிச்சுட்டுப் போயிட்டான்."

"கைக்குழந்தை இருந்தா என்னவாம்?"

"அது ஒரு கதைடி. மலைக்காரா விடற கதை."

"சொல்லுங்கோ."

"அந்தத் தம்பி பெண்டாட்டிதான் உலைக்குத் துருத்தி ஊதறவளாம். பச்சைக் குழந்தைக்காரி. கத்தி காஞ்சுண்டு இருக்கச்சே குழந்தை ஜன்னி கண்டு போயிடுத்தாம். ஆனா மாரு கேக்குமோ? பால் கட்டிண்டு துடிச்சிருக்கா. தண்ணிக்கு வெச்சிருந்த கெட்டில்ல அதைப் பீச்சிக் குடுத்து, இதை விடு, இதுவாவது குடிக்கட்டும்னாளாம். அவனும் அழுதுண்டே அதைத்தான் கூர் மேல விட்டானாம்." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "பாலை விட்டா இரும்பு எங்கேர்ந்துடி இறுகும்? அதுக்கப்பறம் அந்தப் பொண்ணு கத்தியை மடியை விட்டு இறக்கவே இல்லையாம். சாகறவரைக்கும்."

வெளியே குளத்தங்கரையில் நரி ஒன்று ஊளையிட்டது. காமு தூளியிலிருந்து பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்குக் கார்த்தால அதை அவன்கிட்டயே குடுத்துடணும். இல்லேன்னா நான் குழந்தையைத் தூக்கிண்டு தெருவுல நிப்பேன். என் மேல ஆணை."

"சரி, சரி. கொண்டு போயிடறேன்" என்றான். கத்தியை எடுத்து, அதன் மேல் ஒரு தூசு படிந்திருந்ததை விரலால் துடைத்து, கோணியில் சுற்றினான். சுற்றி முடிக்க அவனுக்கு வெகு நேரம் பிடித்தது.

மறுநாள் காமு எழுந்தபோது அவன் ஆபீஸ் போய்விட்டிருந்தான். மணைப்பலகை வெறுமையாக இருந்தது.

பிள்ளை அழுதது.

என்ன அழுகை! வீடு இரண்டுபட்டது. பசி அழுகை. காமுவுக்குச் சிரிப்பும் கண்ணீருமாகப் பொங்கிக்கொண்டு வந்தது. எடுத்து மடியில் போட்டு, விளையாட்டாகக் கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். உடனே வாயை ஆவென்று திறந்துகொண்டு விரல் பட்ட பக்கம் திரும்பிற்று. அடுத்த கன்னத்தில் தொட்டாள். அந்தப் பக்கம் திரும்பிற்று. "போக்கிரி, எங்க தொட்டாலும் அங்கேயா சாப்பாடு!" என்று கொஞ்சினாள். முட்டி முட்டிக் குடித்தது. இரண்டு பக்கமும் காலி. கல்லாய்க் கிடந்த மார்பு இளகி, எத்தனையோ நாளைக்கப்புறம் அவளுக்கு மூச்சு சரியாக வந்தது. மூன்று தடவை எழுப்பினாள்; மூன்று தடவையும் குடித்தது. பிள்ளை பிழைத்துவிட்டது என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் சாய்ந்த நேரத்தில் காற்று நின்றது. குளத்துத் தென்னைகள் ஓலையை அசைக்காமல் நின்றன. காக்கைகள் எல்லாம் ஒரே திசையில் பறந்தன. வடமேற்கே தார்ப்பாயை இழுத்துவிட்ட மாதிரி ஒரு கறுப்பு எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூரியனை மூடி, சுவரையும் முற்றத்தையும் பச்சையும் சாம்பலுமாய் ஒரு நிறத்துக்கு மாற்றி, வீட்டுக்குள் விளக்கு வைக்கிற இருட்டைக் கொண்டுவந்தது.

"கால்பைசாகி வரதுடி!" என்று மாடியிலிருந்து கத்தினாள் ஜகதாம்பாள். சித்திரையில் வங்காளத்தைப் புரட்டிப் போடுகிற புயலுக்கு அந்த ஊர்ப் பெயர். "துணியெல்லாம் பறக்கறது, ஓடி வா!"

காமு தூளியை எட்டிப் பார்த்தாள். பிள்ளை தூங்கியது. துணி மூடிக்கொள்ளாமல் விரித்துப் பிடிக்கும் கம்பு சரியாக நின்றது. படியேறி ஓடினாள்.

மாடியில் புழுதி கண்ணை அடைத்தது. இருவருமாகப் புடவைகளையும் குழந்தைத் துணிகளையும் கொடியிலிருந்து பிய்த்து இழுத்தார்கள். முதல் தூறல் சுள்ளென்று விழுந்தது.

"ராஜாராமன் நனைஞ்சுண்டுதான் வரப் போறான்" என்றாள் ஜகதாம்பாள். "இல்லையில்லை, குடை எடுத்துண்டு போயிருக்கான்."

"கையில கோணி மூட்டையும் குடையுமா எப்படித்தான் ட்ராம் ஏறினாரோ" என்றாள் காமு.

"மூட்டையா? ஏதுடி மூட்டை? நான்தானே கதவைத் தாப்பாள் போட்டேன். கையில குடையைத் தவிர ஒண்ணும் இல்லையே."

காமு கையிலிருந்த துணிகள் நழுவின.

"அப்ப நேத்தி ராத்திரி கோணியோட எங்க போனார்?"

"நீ கிணத்தடியில இருக்கச்சே ஒங்க அறைப் பரண்ல என்னமோ செருகிண்டிருந்தான். ஏன், என்னடி ஆச்சு?"

பரண். தூளி கட்டிய உத்தரத்துக்கு மேலே இருக்கிற பரண்.

அந்த மனுஷனுக்கு அதை விட மனசு வரவில்லை.

காமு படிகளில் இறங்கினாள். இறங்கினாளா விழுந்தாளா தெரியாது. முழங்கால் எங்கோ இடித்தது. கூடம் இருட்டு. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. அறை வாசலுக்கு வந்தாள்.

நின்றாள்.

பரண் விளிம்பில் கோணி தொங்கியது. வெறுங்கோணி.

தரையில் தூளிக் கம்பு. பக்கத்தில் உறை. காலி உறை.

தூளி தாழ்ந்திருந்தது. இரண்டு பேர் பாரத்துக்குத் தாழ்ந்திருந்தது. வாய் மூடிக்கொண்டு, ஆடாமல்.

அறை முழுக்க ஈர இரும்பு வாடை.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நிதானமான சத்தம்.

சப். சப். சப்.

காமு கிட்டே போனாள். கத்தக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. கத்தினால் பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போடும். இரண்டு கையாலும் துணியின் இரண்டு ஓரத்தையும் பிடித்தாள். விரித்தாள்.

மின்னல் அடித்தது.

பிள்ளை மல்லாந்து கிடந்தது. அதன் தலையையும் கழுத்தையும் சுற்றி, குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறவளின் கையைப் போல, கத்தி வளைந்து கிடந்தது. கூர் உள்பக்கம். கூர் நெடுகிலும் வெள்ளையாக நனைந்து, சொட்டுச் சொட்டாகத் திரண்டிருந்தது. அதை விட்டு அப்போதுதான் வாயை எடுத்திருந்தது குழந்தை. உதட்டில் வெள்ளையோடு ஒரு சிவப்பு.

கத்தியை எடுத்துவிடலாம். எடுக்க ஒரு கை வேண்டும். ஒரு கையை எடுத்தால் துணி மூடிக்கொள்ளும். மூடினால் இரண்டையும் சேர்த்து அழுத்தும். ஒரு இம்மி விட்டுப் பார்த்தாள். கூர் கழுத்துப் பக்கம் சாய்ந்தது. மறுபடி இழுத்துப் பிடித்தாள்.

"அக்கா" என்றாள். உதடு மட்டும் அசைந்தது. மாடியில் மழை கொட்டியது.

பிள்ளை மெல்லக் கண்ணைத் திறந்தது. அம்மாவைப் பார்த்தது. பார்த்ததுமே காமுவின் மார்பில் பால் சுரந்தது. அடக்க முடியவில்லை. ரவிக்கை நனைந்தது. வேண்டாம், வேண்டாம் என்று மனசு கதறக் கதற, அது வழிந்தது. கை இரண்டும் விரிந்தபடி. மார்பை விலக்க முதுகைப் பின்னால் வளைக்கப் பார்த்தாள். துணி தளர்ந்தது. நின்றுவிட்டாள்.

ஒரு சொட்டு விழுந்தது.

பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது. கத்தி இருந்த பக்கத்துக் கன்னத்தில்.

குழந்தை வாயை ஆவென்று திறந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பியது.