அய்யாக்கண்ணுவின் பரவாயில்லை

அய்யாக்கண்ணு ஒரு சாமானைப் பற்றிப் ‘பரவாயில்லை’ என்று எழுதிவிட்டால், மூன்றே நாளில் அது பெரம்பூர்க் கடைகளில் காலியாகிவிடும். அதற்கு மேல் அவர் எதையும் புகழ்ந்தது கிடையாது. ஆறு வருஷ வலைப்பூவில் மொத்தமே நான்கு பரவாயில்லைதான். ஒரு ரப்பர் செருப்பு, ஒரு மின்விசிறி, ஒரு கத்தரிக்கோல், ஒரு மூட்டுவலித் தைலம். மற்றதெல்லாம் திட்டு.

ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ரயில்பெட்டிப் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எங்கே எழுதுவது? சொல்லெழுதிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவார், அது எழுதிக்கொள்ளும். அதற்குள்ளேயே இருக்கும் மெய்மானி, குரலின் நடுக்கத்தையும் தொண்டை நரம்பின் துடிப்பையும் அளந்து, ஆள் மனசறிந்து பேசுகிறானா என்று நூற்றுக்கு இத்தனை மெய்யெண் போட்டுவிடும். வலையில் எதைத் தொட்டாலும் விளம்பரம், எதைப் படித்தாலும் பொய் என்று ஜனங்கள் வெறுத்துப்போன பிறகு வந்த சட்டம் இது. மெய்யெண் இல்லாமல் யாரும் ஒரு வரி போட முடியாது.

அதோடு விளம்பரக்காரர்கள் பாடு சிரிப்பாய்ச் சிரித்தது. ‘நான் குளிப்பதும் இந்தச் சோப்பில்தான்’ என்று பல் தெரியச் சொன்ன நடிகைக்கு மெய்மானி மூன்று போட்டது. பூவரசு விளம்பர நிலையம் நடிகைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வலைப்பூக்காரர்களைப் பிடிக்கக் கிளம்பியது. ஒரு சோப்பை உள்ளபடியே விரும்புகிற ஆளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். அப்படிக் கிடைத்தவர்களுக்கும் ஐம்பது, அறுபதுக்கு மேல் வரவில்லை. அய்யாக்கண்ணுவுக்கு எப்போதும் தொண்ணூற்றெட்டு.

அதனால் நிலையத்தின் தலைவி தமயந்தியே பெரம்பூருக்கு வந்தாள். ‘தெளிவி’ என்ற தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டியை அவர் வீட்டுச் சுவரில் மாட்ட வைத்தாள்.

“ஒரு மாசம் வச்சுப் பாருங்க சார். பிடிச்சா ஒரு வார்த்தை எழுதுங்க. பிடிக்கலைன்னா அதையும் எழுதுங்க.”

“எழுதத்தான் போறேன். அதுக்கு உங்கிட்ட உத்தரவு வாங்கணுமா?”

மாடியில் குடியிருந்த ஸ்டெல்லாவுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. தெருவுக்கு வரும் லாரித் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சியே அவள் பொழுது போயிற்று. தெளிவி வந்த அன்றே இறங்கி வந்தாள்.

“இன்னா பெரியப்பா, நானும் ஒண்ணு வாங்கட்டா?”

“பொறும்மா. புது மிஷினும் புது மாப்பிள்ளையும் ஒண்ணு. முப்பது நாள் போனாத்தான் குணம் தெரியும்.”

முப்பது நாள் தேவைப்படவில்லை. இருபதாம் நாளே தண்ணீரில் துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்ட வாடை அடித்தது. ஒரு பாட்டிலில் அதைப் பிடித்துக்கொண்டு நேரே ராயப்பேட்டையில் இருந்த நிலையத்துக்குப் போனார். தமயந்தியின் மேஜைமேல் வைத்தார்.

“குடி.”

அவள் மோந்து பார்த்தாள், பாட்டிலைத் தள்ளி வைத்தாள், டீ வரவழைத்தாள். “இந்த ஒரு தடவை கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன் சார்.”

“எதை விட்டுக்குடுக்கறது? மூக்கையா?”

அவள் டீயை எடுத்து நீட்டினாள். கப் சாய்ந்து அவர் வேட்டியில் கொட்டியது. பதறி எழுந்தாள். “ஐயோ, ஸாரி சார்.”

“பரவாயில்லை,” என்றார் அய்யாக்கண்ணு. ஒரு பொம்பளை பதறும்போது வேறென்ன சொல்வது? மனசாரத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் வலை முழுக்கத் தெளிவியின் படம். அதன் கீழே அவர் குரலில் அந்த ஒற்றைச் சொல். பக்கத்தில் தொண்ணூற்றெட்டு. அந்த அறையில் ஒரு சொல்லெழுதி காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. சொல் அவருடையது, சொன்னது மனசாரச் சொன்னது. எதற்குச் சொன்னார் என்பதை அளக்க மட்டும் யாரும் கருவி செய்யவில்லை. டீ நீட்டிய தமயந்தியின் கை தானாகத் தவறுகிற கை இல்லை என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மத்தியானம் ஸ்டெல்லா ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். “வாங்கிட்டேன் பெரியப்பா. நாளையிலேருந்து பாப்பாவுக்கு இதுதான்.”

“அது டீ கொட்டினதுக்குச் சொன்னதும்மா.”

அவள் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “தொண்ணூத்தெட்டு போட்டிருக்குதே. மெய்மானி பொய் சொல்லுமா?”

“நான்தான் எதிர்ல நின்னு சொல்றேனே.”

“நேர்ல சொன்னா நம்பர் வரலியே பெரியப்பா.”

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாளைக்குப் பொறு. அதுவரைக்கும் கொழந்தை வாயில ஒரு சொட்டு படக்கூடாது,” என்று அவளை அனுப்பிவிட்டுச் சொல்லெழுதியின் முன்னால் உட்கார்ந்தார்.

“மெய்மானியை நம்பாதீங்க. அது அளக்கிறது என் தொண்டையை. தண்ணியை இல்ல. நான் சொன்னது டீக்கு, அவங்க ஒட்டினது தெளிவிக்கு. இனிமே நம்பரைப் பாக்கறவன் முட்டாள்.”

பக்கத்தில் எண் விழுந்தது. நூறு. அதுவரை எவனுக்கும் விழாத நூறு.

விடிவதற்குள் ஊர் பூராவும் அதைப் படித்துவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் போனில் மெய்யெண் கண்ணில் படாதபடி மறைத்துவிட்டார்கள். ஸ்டெல்லா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். “மெய்மானியை நம்பக்கூடாதாம் பெரியப்பா.”

“யார் சொன்னா?”

“நூறு போட்டிருக்குதே.”

அய்யாக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் போன் அடித்தது. தமயந்தி. மேஜைமேல் வைத்தபடியே பேசவிட்டார்.

“உங்களுக்கு நன்றி சொல்லத்தான் சார். இப்ப மெய்யெண்ணை யாரும் பாக்கறதில்லை. நடிகைங்களைத் திரும்பக் கூப்பிட்டுட்டோம். இனிமே எங்களை அளக்க ஆளில்லை.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் தெளிவி தொங்கிக்கொண்டிருந்தது. நேற்று ஸ்டெல்லா வந்து நின்றபோதே அதன் குழாயைத் திறந்திருக்கலாம். அதை விட்டுவிட்டுத் தானும் கருவிக்கு முன்னால்தானே போய் உட்கார்ந்தோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

“நல்லாக் கூப்பிடு தமயந்தி. அந்த நடிகையை என் வீட்டு வாசலுக்கே அனுப்பு. நான் கொண்டாந்த தண்ணியை நீ குடிக்கல இல்ல? இந்தப் பெட்டியை வாசல்ல மாட்டப்போறேன். வர்றவன் போறவன் எல்லாம் குடிச்சுப் பாக்கட்டும். நாக்குக்கு நம்பர் வேணாம்.”

தெளிவியின் தண்ணீரை டம்ளரில் பிடித்து ஸ்டெல்லாவிடம் நீட்டினார். “குடி. ஒரு வாய்.”

அவள் வாயில் வைத்தாள். முகம் கோணியது. திரும்பக்கூட நேரமில்லாமல் அவர் வேட்டிமேலேயே துப்பிவிட்டாள்.

“ஐயோ, ஸாரி பெரியப்பா.”

வழக்கமாக வருகிற சொல் வாய்வரை வந்தது. போன் இன்னும் மேஜைமேல்தான் இருந்தது, திரையில் தமயந்தியின் பெயர் அணையவில்லை. வைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறாள். அய்யாக்கண்ணு போனை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“பரவாயில்லை,” என்றார் நிறுத்தி நிதானமாக. “எழுதிக்கோ தமயந்தி. நான் சொன்னது என் வேட்டிக்கு.”